பாதியா, அறுபதா? அமெரிக்க மாநில அரசியலமைப்புத் திருத்தங்களின் கணக்கு

2023 ஆகஸ்ட் 8 அன்று ஒஹையோ மாநில வாக்காளர்கள் முன் ஒரே ஒரு கேள்வி வைக்கப்பட்டது. மாநில அரசியலமைப்பைத் திருத்துவதற்கு வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ஒப்புதல் போதும் என்று நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்துவந்த விதியை மாற்றி, இனி 60 விழுக்காட்டினரின் ஒப்புதல் வேண்டும் என்று ஆக்கலாமா என்பதே அந்தக் கேள்வி. கோடை விடுமுறைக் காலம். வேறு எந்தப் பதவிக்கும் மாநில அளவில் அன்று தேர்தல் இல்லை. ஆயினும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து வாக்களித்தார்கள். அவர்களில் 57 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். மூன்று மாதம் கழித்து, நவம்பர் 7 அன்று, கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அதற்குக் கிடைத்த ஆதரவும் ஏறத்தாழ 57 விழுக்காடுதான். ஆகஸ்டில் விதி மாறியிருந்தால், நவம்பரில் வெற்றியாக அறிவிக்கப்பட்ட அதே எண் தோல்வியாக அறிவிக்கப்பட்டிருக்கும்.

அமெரிக்க மாநிலங்களில் அரசியலமைப்புத் திருத்தங்கள் பற்றிய இன்றைய சச்சரவுகள் பலவற்றை இந்த இரண்டு நாள்களைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். கருக்கலைப்பு, கஞ்சா, குறைந்தபட்சக் கூலி, தொகுதி எல்லை என்று வெளியே தெரியும் பொருள்கள் பல. அவற்றுக்கு அடியில் ஓடும் வழக்கு ஒன்றுதான்: அடிப்படைச் சட்டத்தை மாற்ற எத்தனை பேர் வேண்டும், அந்த எண்ணைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு?

இந்திய வாசகருக்கு ‘மாநில அரசியலமைப்பு’ என்ற தொடரே சற்று விசித்திரமாகப் படலாம். தமிழ்நாட்டுக்கெனத் தனி அரசியலமைப்பு கிடையாது. மாநிலச் சட்டமன்றம், ஆளுநர், உயர் நீதிமன்றம் ஆகிய அனைத்தும் 1950இல் நடைமுறைக்கு வந்த ஒரே அரசியலமைப்பின் ஆறாம் பகுதியில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. 1957 முதல் 2019 வரை தனி அரசியலமைப்பு வைத்திருந்த ஜம்மு காஷ்மீர் மட்டுமே இதற்கு விலக்கு. அந்த ஒரே அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரமும் 368ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்திடம் இருக்கிறது; சில பொருள்களுக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதல் தேவை; மக்கள் நேரடியாக வாக்களிக்கும் கட்டம் எதிலும் இல்லை. அமெரிக்காவில் வரலாறு தலைகீழ். 1787இல் கூட்டாட்சி அரசியலமைப்பு எழுதப்படுவதற்கு முன்பே, 1776 தொடங்கி, விடுதலை அறிவித்த குடியேற்றங்கள் தமக்கான அரசியலமைப்புகளை எழுதிக்கொண்டுவிட்டன. ஊர்க்கூட்டங்களில் மக்கள் முன் வைக்கப்பட்டு 1780இல் ஏற்கப்பட்ட மாசசூசெட்ஸ் அரசியலமைப்பு இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. கூட்டாட்சி அரசியலமைப்பு கொடுத்திருக்கும் உரிமைகளை மாநில அரசியலமைப்பு குறைக்க முடியாது, கூட்டலாம். அந்த ‘கூட்டலாம்’ என்பதில்தான் பின்னாளைய சண்டைகள் பலவும் தங்கியிருக்கின்றன.

கூட்டாட்சி அரசியலமைப்பு இரண்டே கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் 27 முறை மட்டுமே திருத்தப்பட்டது. மாநிலங்களில் நிலைமை வேறு. டெக்சஸ், கலிபோர்னியா ஆகியவற்றின் அரசியலமைப்புகள் ஒவ்வொன்றும் 500க்கும் மேற்பட்ட திருத்தங்களைக் கண்டவை. அலபாமாவின் 1901ஆம் ஆண்டு அரசியலமைப்பு 900க்கும் மேற்பட்ட திருத்தங்களோடு ஏறத்தாழ நான்கு லட்சம் சொற்களாக வீங்கியிருந்தது. அங்கே கவுண்டி எனப்படும் உள்ளாட்சி மாவட்டங்களுக்குச் சொந்த அதிகாரம் அநேகமாக இல்லாததால், ஒரு கவுண்டியில் கொசு ஒழிப்புக்கு வரி வசூலிப்பதற்கும் இன்னொன்றில் பிங்கோ விளையாட்டை அனுமதிப்பதற்கும்கூட மாநில அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. நம்மூரில் பஞ்சாயத்துத் தீர்மானத்தோடு முடிகிற காரியம் அது.

இந்த வீக்கத்துக்குச் சோம்பலோ பொறுப்பின்மையோ காரணம் அன்று, அவநம்பிக்கை காரணம். 1830களில் மாநிலங்கள் போட்டிபோட்டுக்கொண்டு கால்வாய்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் கடன் வாங்கின. 1837இல் வந்த நிதி நெருக்கடிக்குப் பிறகு பல மாநிலங்களால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. சட்டமன்ற உறுப்பினர்களைக் கட்டிப்போட வேண்டும் என்று எண்ணிய மக்கள், அடுத்து எழுதப்பட்ட அரசியலமைப்புகளில் கடனுக்கு உச்சவரம்பு எழுதிவைத்தார்கள். ஒஹையோவின் 1851ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மாநிலத்தின் பொதுக் கடன் 7,50,000 டாலரைத் தாண்டக் கூடாது என்றது. அந்த வரி இன்றும் அழிக்கப்படவில்லை. ஆகவே அதற்குமேல் கடன்பத்திரம் வெளியிட வேண்டிய ஒவ்வொரு முறையும் ஒஹையோ தன் அரசியலமைப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. கொரியப் போர், வியட்நாம் போர், வளைகுடாப் போர் ஆகியவற்றில் பங்கேற்ற படைவீரர்களுக்கான ஊக்கத்தொகை வரிசையாக அந்த அரசியலமைப்பின் எட்டாம் பிரிவில் இடம்பெற்றிருப்பது இப்படித்தான். 2025 மே மாதத்தில்கூட, சாலை, பாலம், குடிநீர்க் குழாய் முதலியவற்றுக்காக 250 கோடி டாலர் கடன் திரட்டும் திருத்தம் ஒன்றை வாக்காளர்கள் ஏற்றார்கள். இத்தகைய இடத்தில் அரசியலமைப்பைத் திருத்துவது என்பது அபூர்வமான, புனிதமான நிகழ்ச்சி அன்று. அன்றாட ஆட்சி நடத்தும் வழிகளுள் ஒன்று.

திருத்தத்தை யார் முன்மொழியலாம் என்பது அடுத்த கேள்வி. எல்லா மாநிலங்களிலும் சட்டமன்றம் முன்மொழியலாம். டெலவேர் தவிர எல்லா மாநிலங்களிலும் அது மக்கள் வாக்கெடுப்புக்குச் செல்ல வேண்டும். டெலவேரில் மட்டும் அடுத்தடுத்து அமையும் இரண்டு சட்டமன்றங்கள் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் ஏற்றால் போதும், மக்களிடம் கேட்கும் வழக்கமே இல்லை. இவை தவிர, 18 மாநிலங்களின் அரசியலமைப்புகள் குடிமக்களே கையொப்ப மனு திரட்டித் திருத்தத்தை முன்மொழிய வழி வைத்திருக்கின்றன. ஆரெகன் 1902இல் இந்த வழியைத் திறந்தது. ரயில் நிறுவனங்களும் நகர அரசியல் தரகர்களும் சட்டமன்றங்களைச் சட்டைப் பையில் வைத்திருந்த காலம் அது; சட்டமன்றம் செய்ய மறுப்பதை மக்கள் நேரடியாகச் செய்துகொள்வதற்கான குறுக்கு வழியாக இது கருதப்பட்டது.

ஒஹையோவுக்கு அது 1912இல் வந்தது. சின்சினாட்டியைச் சேர்ந்த போதகர் ஹெர்பர்ட் பிகலோ தலைமையில் கூடிய அரசியலமைப்பு மாநாடு 42 திருத்தங்களை மக்கள் முன் வைத்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அங்கே வந்து உரையாற்றி, மக்களே சட்டம் முன்மொழியும் முறையை ஆதரித்துப் பேசினார். செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 34 திருத்தங்கள் நிறைவேறின. மனு வழித் திருத்தம் அவற்றுள் ஒன்று. தோற்ற எட்டில் எவை இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கு வாக்குரிமை தோற்றது. வாக்காளருக்கான தகுதியிலிருந்து ‘வெள்ளையர்’ என்ற சொல்லை நீக்கும் திருத்தமும் தோற்றது. கூட்டாட்சிச் சட்டத்தின்படி அது ஏற்கெனவே செல்லாத சொல் என்றபோதும், 1923 வரை அந்தச் சொல் ஏட்டில் இருந்தது. பெரும்பான்மை எப்போதும் முற்போக்கான பக்கமே நிற்கும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம்.

மனு வழி எளிதானதும் அன்று. ஒஹையோவில் கடைசி ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 10 விழுக்காட்டுக்கு நிகரான எண்ணிக்கையில் கையொப்பம் திரட்ட வேண்டும். 2023இல் அது நான்கு லட்சத்துக்கு மேல். மொத்தமுள்ள 88 கவுண்டிகளில் குறைந்தது 44இல், அந்தந்தக் கவுண்டியின் வாக்குகளில் 5 விழுக்காட்டுக்கு நிகரான கையொப்பங்கள் இருக்க வேண்டும். இவ்வளவும் தாண்டி வாக்குச்சீட்டுக்கு வந்த குடிமக்கள் திருத்தங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை ஒஹையோ மக்கள் 1912க்குப் பிறகு நிராகரித்தே வந்திருக்கிறார்கள். கதவு திறந்திருப்பதால் கண்டதெல்லாம் உள்ளே வந்துவிடுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக இடம் தரவில்லை.

இனி 2023க்கு வரலாம். 2022 ஜூன் 24 அன்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு உரிமையை நாடு முழுவதற்கும் ஏற்றிருந்த தன் பழைய ரோ எதிர் வேட் தீர்ப்பை ரத்து செய்து, கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடம் திருப்பித் தந்தது. அன்று முதல் மாநில அரசியலமைப்புகளே போர்க்களமாயின. அதே ஆண்டு ஆகஸ்டில், குடியரசுக் கட்சியின் கோட்டையாகக் கருதப்படும் கான்சஸில், கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை 59 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். நவம்பரில் மிச்சிகன் அந்த உரிமையை அரசியலமைப்பில் எழுதியது. கென்டக்கி அதை மறுக்கும் திருத்தத்தைத் தோற்கடித்தது. அடுத்த மாநிலம் ஒஹையோ என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2023 ஜனவரியில் ஒஹையோ ஆளுநர் மைக் டிவைன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆகஸ்டு மாதச் சிறப்புத் தேர்தல்களைப் பெரும்பாலும் ஒழித்துக்கட்டும் சட்டம் அது. செலவு அதிகம், வாக்களிக்க வருவோர் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். நியாயமான காரணமும்கூட, ஏனெனில் 2022 ஆகஸ்டில் நடந்த தேர்தலுக்குப் பத்தில் ஒரு பங்கு வாக்காளர்கூட வரவில்லை. நான்கே மாதத்தில், மே 10 அன்று, அதே சட்டமன்றம் 60 விழுக்காட்டு விதியை முன்மொழிந்து, அதற்கான வாக்கெடுப்பை ஆகஸ்டு மாதத்தில்தான் நடத்த வேண்டும் என்று தீர்மானித்தது. கீழவையில் 62க்கு 37, தேவைப்பட்டது 60. வழக்குத் தொடரப்பட்டது. மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில், தேதி குறிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பே சட்டமன்றத்துக்குத் தந்திருக்கிறது என்று சொல்லி வாக்கெடுப்பை அனுமதித்தது.

முன்மொழிவில் 60 விழுக்காடு மட்டும் இல்லை. கையொப்பங்கள் 44 கவுண்டிகளுக்குப் பதிலாக 88 கவுண்டிகளிலும் திரட்டப்பட வேண்டும், கையொப்பங்கள் குறைந்தால் ஈடுசெய்யத் தரப்படும் பத்து நாள் அவகாசம் நீக்கப்பட வேண்டும் என்ற இரண்டும் அதில் இருந்தன. 88 கவுண்டி என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. கொலம்பஸ் நகரம் அமைந்துள்ள பிராங்க்ளின் கவுண்டியில் 13 லட்சம் பேர் வாழ்கிறார்கள். வின்டன் கவுண்டியில் 13 ஆயிரம் பேர். முன்மொழியப்பட்ட விதியின் கீழ், மற்ற 87 கவுண்டிகளிலும் மக்கள் வரிசையில் நின்று கையெழுத்திட்டாலும், வின்டனில் சில நூறு கையொப்பங்கள் கிடைக்காவிட்டால் மனு செத்துவிடும். ஆகவே இந்தப் பகுதி வெளியே பரவலாகப் பேசப்படாவிட்டாலும், எனக்கு 60 விழுக்காட்டைவிட இதுவே ஆபத்தானதாகத் தெரிகிறது. 60 விழுக்காடு ஒரு திருத்தத்தை வாக்கெடுப்பில் தோற்கடிக்கும். இது வாக்கெடுப்பே நடக்காமல் பார்த்துக்கொள்ளும்.

காலக்கெடுவும் கவனமாக வகுக்கப்பட்டிருந்தது. 88 கவுண்டி விதி அடுத்த ஆண்டு ஜனவரி முதல்தான் நடைமுறைக்கு வரும். 60 விழுக்காட்டு விதியோ உடனடியாக. நவம்பர் வாக்கெடுப்புக்குத் தேவைப்பட்டது இரண்டாவது மட்டுமே. நோக்கம் பற்றி எவருக்கும் ஐயம் இருந்திருந்தால், மாநிலச் செயலர் பிராங்க் லரோஸ் தம் குடியரசுக் கட்சியினர் கூட்டமொன்றில் பேசியது அதைத் தீர்த்துவைத்தது. கருக்கலைப்புத் திருத்தத்தை அரசியலமைப்புக்குள் வரவிடாமல் தடுப்பதே நூற்றுக்கு நூறு நோக்கம் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். தேர்தலை நடத்தும் பொறுப்பிலிருக்கும் அதிகாரி அவர்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜான் கேசிக், பாப் டாஃப்ட், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ரிச்சர்ட் செலஸ்ட், டெட் ஸ்டிரிக்லண்ட் என முன்னாள் ஆளுநர்கள் நால்வர் கட்சி பேதமின்றி இந்த முன்மொழிவை எதிர்த்தார்கள். இரு பக்கமும் பணம் வெளிமாநிலங்களிலிருந்து வந்தது. வெளியாரின் பணம் அரசியலமைப்பை விலைபேசுவதைத் தடுப்போம் என்ற முழக்கத்தோடு நடந்த ஆதரவுப் பிரசாரத்துக்கே, இல்லினாயைச் சேர்ந்த ஒரு கோடீசுவரர்தான் பெருநிதி அளித்தார்.

ஆதரவாளர்களின் வாதங்களை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 2009இல் ஒஹையோ மக்கள் சூதாட்டக் கூடங்களை அனுமதிக்கும் திருத்தத்தை ஏற்றார்கள். கிளீவ்லாந்து, சின்சினாட்டி, கொலம்பஸ், டொலிடோ ஆகிய நான்கு நகரங்களில் எந்தெந்த மனைகளில் கூடம் அமையலாம் என்பதே அந்தத் திருத்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்த மனைகளுக்கு உரியவர்கள் யாரோ அவர்களே பிரசாரத்துக்கும் பணம் கட்டினார்கள். கொலம்பஸ் கூடம் அந்த இடத்தில் வேண்டாம் என்று உள்ளூரில் எதிர்ப்புக் கிளம்பியபோது, மனையை மாற்றுவதற்காக 2010இல் மறுபடியும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதாயிற்று. 2015இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதாகச் சொல்லி, அதைப் பயிரிடும் உரிமையைத் தமக்குரிய பத்து நிலங்களுக்கு மட்டும் ஒதுக்கிக்கொள்ள முதலீட்டாளர் குழு ஒன்று முயன்றது. மக்கள் அதை மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவான வாக்குகளால் தூக்கியெறிந்தார்கள். பட்டா எண்ணை அரசியலமைப்பில் எழுதுகிற நாட்டில், வாசற்படியைச் சற்று உயர்த்தினால் என்ன என்று ஒருவர் கேட்பதில் தவறில்லை. சட்டமன்றம் ஒரு திருத்தத்தை முன்மொழியவே ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 60 விழுக்காடு, தேவைப்படும்போது மக்களுக்கும் அதே அளவு இருந்தால் என்ன என்றும் கேட்டார்கள்.

இந்த இரண்டாவது வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சட்டமன்றத்தின் 60 விழுக்காடு முன்மொழிவதற்கானது; மக்களின் வாக்கு ஏற்பதற்கானது. மக்கள் தரப்பில் முன்மொழிவதற்கு நான்கு லட்சம் கையொப்பங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதைவிடப் பெரிய ஓட்டை, அந்தச் சட்டமன்றத்தின் 60 விழுக்காடு எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. தொகுதி எல்லைகளை நேர்மையாக வகுப்பதற்கான திருத்தங்களை ஒஹையோ மக்கள் 2015இலும் 2018இலும் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளால் ஏற்றிருந்தார்கள். ஆனாலும் 2022 தேர்தலுக்காக வகுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி வரைபடங்களை மாநில உச்ச நீதிமன்றம் மீண்டும் மீண்டும், ஐந்து முறை, அரசியலமைப்புக்கு முரணானவை என்று நிராகரித்தது. காலம் கடத்தப்பட்டு, கடைசியில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஆணைப்படி நிராகரிக்கப்பட்ட வரைபடம் ஒன்றின் மீதே தேர்தல் நடந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட அவைதான், மக்கள் அரசியலமைப்பைத் திருத்துவது மிகவும் எளிதாக இருக்கிறது என்று கவலைப்பட்டது. 70 விழுக்காட்டு வாக்கோடு நிறைவேறிய திருத்தத்தையே செல்லாக்காசாக்க முடிந்தவர்களிடம் 60 விழுக்காட்டின் மேன்மை பற்றிப் பாடம் கேட்க மக்கள் தயாராக இல்லை என்று ஆகஸ்டு முடிவை நான் வாசிக்கிறேன்.

60 விழுக்காட்டு விதி நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதற்குப் புளோரிடாவைப் பார்க்க வேண்டும். 2002இல் அங்கே கருவுற்ற பன்றிகளைக் குறுகிய கூண்டுகளில் அடைக்கக் கூடாது என்ற திருத்தம் 55 விழுக்காடு ஆதரவோடு நிறைவேறியது. பன்றிகள் அரசியலமைப்பில் ஏறிவிட்டன என்று நாடே சிரித்தது. 2000இல் அதிவேக ரயில் விடவேண்டும் என்று ஒரு திருத்தம் வந்து, 2004இல் செலவைக் கண்டு மக்களே அதை நீக்கினார்கள். இந்த அனுபவங்களைக் காட்டி, 2006இல் திருத்தங்களுக்கு 60 விழுக்காடு வேண்டும் என்ற விதி முன்மொழியப்பட்டது. அது நிறைவேறியது, கிடைத்த ஆதரவு 57.8 விழுக்காடு. தான் விதிக்கும் தேர்வில் தானே தேறாத விதி அது. 2024 நவம்பரில் கருக்கலைப்பு உரிமைத் திருத்தத்துக்குப் புளோரிடாவில் 57 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள், தோற்றது. 60 வேண்டும் என்ற விதியைக் கொண்டுவரப் போதுமானதாக இருந்த ஆதரவு, அந்த விதியின் கீழ் போதாமல் போயிற்று. அரிசோனாவிலும் இதே கதை: வரி விதிக்கும் மக்கள் முன்மொழிவுகளுக்கு 60 விழுக்காடு தேவை என்ற விதி 2022இல் 51 விழுக்காட்டைக்கூட எட்டாமல் வென்றது.

வாசலை உயர்த்த விரும்புகிறவர்கள் தாங்கள் உயர்த்தும் வாசலை முதலில் தாங்களே தாண்டிக் காட்டட்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பாகவே எனக்குப் படுகிறது. 1998இல் இதை விதியாக்கிய ஆரெகன் போன்ற விலக்கு தவிர, பெரும்பாலான மாநிலங்கள் இதைக் கட்டாயமாக்காதிருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

60 விழுக்காட்டு விதியின் இன்னொரு விளைவு, பழைய தவறுகளுக்கும் பாதுகாப்புக் கிடைப்பது. அலபாமாவின் 1901 அரசியலமைப்பு, கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்து வெள்ளையர் மேலாதிக்கத்தை நிறுவுவதற்கென்றே எழுதப்பட்டது. அந்த மாநாட்டின் தலைவர் அதை மறைக்கவும் இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் மணம்புரியக் கூடாது என்ற அதன் பிரிவை 1967இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு செல்லாததாக்கியது. ஏட்டிலிருந்து அதை நீக்கும் வாக்கெடுப்பு 2000ஆம் ஆண்டில்தான் நடந்தது. அப்போதும் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் நீக்க வேண்டாம் என்றார்கள். அங்கே 60 விழுக்காட்டு விதி இருந்திருந்தால் அந்த வரி நீங்கியிருக்குமா என்பதே ஐயம். பள்ளிகளில் இனப் பிரிவினையைக் கட்டாயமாக்கும் வாசகத்தை நீக்கும் முயற்சி 2004இல் 2,000க்கும் குறைவான வாக்குகளில் தோற்றது, 2012இல் மறுபடியும் தோற்றது. 2022இல் அரசியலமைப்பு முழுவதையும் தொகுத்துச் சீர்ப்படுத்தி மக்கள் ஏற்றபோதுதான் அது போயிற்று.

எண்ணைத் தொடாமலேயே கதவைச் சாத்தும் வழிகளும் உண்டு. மிசிசிப்பியில் திருத்த மனுவுக்கான கையொப்பங்கள் ஐந்து நாடாளுமன்றத் தொகுதிகளிலிருந்து சம அளவில் வர வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் மாநிலத்துக்குத் தொகுதிகள் நான்காகக் குறைந்தன. விதியின் வாசகத்தை எவரும் திருத்தவில்லை. மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கும் திருத்தத்தை 2020இல் மக்கள் பெரும்பான்மையாக ஏற்ற பிறகு, 2021இல் மாநில உச்ச நீதிமன்றம், இல்லாத ஐந்தாவது தொகுதியிலிருந்து கையொப்பம் வர முடியாது என்று சொல்லித் திருத்தத்தையும் மனு வழியையும் ஒருசேர முடக்கியது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் தீர்ப்பில் பிழை காண்பது கடினம். ஆனால் அந்த ஒரு சொல்லைத் திருத்த முன்மொழிந்து, மக்கள் வாக்கோடு கதவை மறுபடி திறக்க வழிசெய்யும் அதிகாரம் சட்டமன்றத்திடம் இருக்கிறது. அதற்கு அவசரம் இல்லை.

மிசூரி இன்னும் ஒரு படி மேலே போனது. 2024இல் அங்கே கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் 52 விழுக்காட்டுக்குச் சற்றே குறைவான ஆதரவுடன் நிறைவேறியது. 2025இல் கூடிய சிறப்புக் கூட்டத்தொடரில் அதன் சட்டமன்றம், குடிமக்கள் முன்மொழியும் திருத்தங்கள் மாநில அளவில் பெரும்பான்மை பெறுவதோடு எட்டு நாடாளுமன்றத் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் பெரும்பான்மை பெற வேண்டும் என்ற விதியை முன்மொழிந்தது. ஒரே ஒரு தொகுதியில் பாதிப் பேர் மறுத்தால் போதும், மற்ற ஏழும் ஒருமனதாக வேண்டும் என்றாலும் திருத்தம் வீழும். கணக்குப் போட்டால், எட்டில் ஒரு பங்கின் பாதி, அதாவது மாநில வாக்காளர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் மற்றவர்களைத் தடுத்துவிட முடியும். சட்டமன்றமே முன்மொழியும் திருத்தங்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது.

வாக்குச்சீட்டின் வாசகம் தனியே பேச வேண்டிய பொருள். முழுத் திருத்தத்தையும் வாக்குச்சாவடியில் படிப்பவர் எவரும் இல்லை, சுருக்கத்தைத்தான் படிக்கிறார்கள். ஒஹையோவில் அந்தச் சுருக்கத்தை எழுதுவது மாநிலச் செயலர் தலைமையிலான ஐந்து பேர் கொண்ட வாக்குச்சீட்டு வாரியம். 2023 நவம்பர் திருத்தத்தின் சுருக்கத்தில், மனுதாரர்கள் எழுதியிருந்த ‘கரு’ என்ற மருத்துவச் சொல்லுக்குப் பதிலாக ‘பிறவாத குழந்தை’ என்று வாரியம் மாற்றியது. இருந்தும் திருத்தம் வென்றது. அடுத்த ஆண்டு, தொகுதி வரையும் பொறுப்பை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்துக் குடிமக்கள் குழு ஒன்றிடம் தரும் திருத்தம் வந்தது. அந்த வரைபடங்களை நிராகரித்த தீர்ப்புகளை வழங்கியபோது தலைமை நீதிபதியாக இருந்த மொரீன் ஓகானர் ஓய்வுபெற்ற பின் முன்னின்று நடத்திய முயற்சி அது. கட்சிச் சாய்வோடு தொகுதி வெட்டுவதைத் தடைசெய்வதே அதன் நோக்கம். வாக்குச்சீட்டில் அச்சான சுருக்கமோ, அந்தக் குழு கட்சிச் சாய்வோடு தொகுதிகளை வெட்டியாக வேண்டும் என்று சொன்னது. மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அந்த வாசகத்தின் பெரும்பகுதியை அனுமதித்தது. திருத்தம் தோற்றது, ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அவர்களில் எத்தனை பேர் எதற்கு வேண்டாம் என்றார்கள் என்பதைக் கண்டறிய வழியில்லை. அதே ஆண்டு யூட்டாவில், தலைப்பும் சுருக்கமும் வாக்காளரைத் திசைதிருப்புகின்றன என்று காரணம் காட்டி ஒரு திருத்தத்தின் வாக்குகளை எண்ணவே கூடாது என்று அங்குள்ள நீதிமன்றங்கள் தடுத்தன. ஒரே விதமான புகாருக்கு இரண்டு மாநிலங்களில் இரண்டு முடிவு.

வென்ற பிறகும் கதை முடிவதில்லை. தண்டனை முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பித் தரும் திருத்தத்தைப் புளோரிடா மக்கள் 2018இல் 64 விழுக்காட்டுக்கும் மேல் வாக்களித்து ஏற்றார்கள். 60ஐத் தாண்டிய வெற்றி. அடுத்த ஆண்டே, அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் பாக்கி வைத்திருப்பவர் தண்டனை முடித்தவராகக் கருதப்பட மாட்டார் என்று சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பல லட்சம் பேரின் வாக்குரிமை அந்த ஒரு விளக்கத்தில் நின்றுபோயிற்று.

ஒஹையோவின் 1912 மாநாடு விட்டுச்சென்ற இன்னொரு விதியும் அரசியலமைப்பில் இருக்கிறது. அரசியலமைப்பு முழுவதையும் மறுபரிசீலனை செய்ய மாநாடு கூட்டலாமா என்று இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களிடம் கேட்டாக வேண்டும். 1932இல் தொடங்கி 2012 வரை ஐந்து முறை கேட்கப்பட்டது. ஐந்து முறையும் மக்கள் மறுத்துவிட்டார்கள். அடுத்து 2032இல் கேட்கப்படும். அந்த மாநாட்டைக் கூட்டுவதற்கும், அது எழுதித் தருவதை ஏற்பதற்கும், இன்றுள்ள விதியின்படி பாதிக்கு மேல் ஒரு வாக்கு இருந்தால் போதும்.